தரைக்கு அடியில் இருக்கும் ஈரம்: எங்கே நிறுத்துவது?

தரைத்தளத்துச் சுவரின் அடிப்பகுதியில் பெயிண்ட் கொப்புளித்து, பொருக்குத் தட்டி, வெள்ளையாகப் பொடி உதிர்வதைப் பார்த்திராதவர்கள் குறைவு. சுரண்டி, புட்டி வைத்து, மறுபடி பெயிண்ட் அடித்தால் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். அப்புறம் அதே இடத்தில் மறுபடி கிளம்பும். சில வீடுகளில் முன்பைவிட ஒரு சாண் மேலே போய்க் கிளம்பும். பெயிண்ட் சரியில்லை, பூச்சு சரியில்லை என்று பழி மாறி மாறி விழும். கோளாறு பெரும்பாலும் சுவரில் இல்லை, அதற்குக் கீழே இருக்கிறது. ஈரத்தை அது மண்ணிலிருந்து கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் நிறுத்த வேண்டும். வெளியே வரும் இடத்தில் போய் அடைத்தால் அது இன்னொரு வழி பார்த்துக்கொள்ளும்.

மண்ணில் உள்ள ஈரம் மேலே வர மூன்று வழிகள் உண்டு. நுண்துளைகள் வழியாக ஊறி ஏறலாம், ஆவியாகக் கசியலாம், அல்லது நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்து தண்ணீராகவே அழுத்தித் தள்ளலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குப் போடுவதில்தான் பணம் அதிகம் வீணாகிறது.

முதலில் ஊறி ஏறுவது. தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும் என்பது பெரிய இடைவெளிகளுக்குப் பொருந்தும். இடைவெளி மிகக் குறுகியதானால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, அது மேல்நோக்கியும் நடக்கும். துளை எவ்வளவு குறுகியதோ அவ்வளவு உயரம் ஏறும் என்பதை ஜேம்ஸ் ஜூரின் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1718இலேயே விளக்கிவிட்டார். கணக்கு எளிது: துளையின் ஆரம் 1 மி.மீ. என்றால் தண்ணீர் சுமார் 15 மி.மீ. ஏறும். 0.1 மி.மீ. என்றால் 15 செ.மீ. 0.01 மி.மீ. என்றால் ஒன்றரை மீட்டர். களிமண்ணிலும் செங்கல்லிலும் சிமென்ட் கலவையிலும் இருக்கும் துளைகள் இந்தக் கடைசி அளவிலும் அதைவிடச் சிறியதாகவும் இருக்கின்றன. பருமனான ஜல்லியின் சந்துகளோ மில்லிமீட்டர் கணக்கில் அகலமானவை. ஆகவே ஈரம் களிமண்ணில் மீட்டர் கணக்கில் ஏறும், ஜல்லியில் விரல் அகலம்கூட ஏறாமல் நின்றுவிடும். தரைக்கு அடியில் ஜல்லி பரப்புவதன் முதல் நோக்கமே இதுதான்.

கணக்குப்படி சுவரில் பல மீட்டர் ஏற வேண்டிய ஈரம் நடைமுறையில் பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டி நின்றுவிடுகிறது. காரணம், ஏறும்போதே சுவரின் இரு பக்கமும் அது உலர்ந்துகொண்டும் இருக்கிறது. கீழிருந்து வரும் வரத்தும் பக்கவாட்டில் போகும் செலவும் எங்கே சமமாகிறதோ அங்கே கறைக்கோடு விழும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியக் கட்டடக் கலைஞர் வித்ருவியஸ், தரை மட்டத்து அறைகளில் தரையிலிருந்து மூன்று அடி உயரம் வரை மணலுக்குப் பதிலாகச் செங்கல் தூள் கலந்த சுண்ணாம்புச் சாந்தைப் பூசச் சொன்னார். சூத்திரம் எதுவும் இல்லாமல், கண்ணால் பார்த்தே அந்த உயரத்தைப் பிடித்திருக்கிறார். சுவர் ஓயாமல் ஈரமாக இருந்தால் உள்பக்கம் இடைவெளி விட்டு இன்னொரு மெல்லிய சுவர் எழுப்பி, அந்த இடைவெளியின் அடியில் வாய்க்காலும் வெளிக்காற்றுக்குத் திறப்பும் வைக்க வேண்டும் என்பதும் அவர் யோசனை. ஈரத்தை அடைக்காமல், அது போக வழி விடும் ஏற்பாடு. இன்றைக்கும் இதில் பழுது சொல்ல முடியாது.

இந்தச் சமநிலையைப் புரிந்துகொண்டால், பழுது பார்த்த சுவரில் கறை ஏன் மேலே போகிறது என்பது தானாக விளங்கும். நான்கு அடி உயரத்துக்குப் பளபள டைல்ஸ் ஒட்டுகிறோம், அல்லது கெட்டியான சிமென்ட் பூச்சு கொடுத்து ரப்பர் மாதிரி ஒரு பெயிண்டை அடிக்கிறோம். உலரும் பரப்பு அடைபட்டுப்போகிறது. கீழிருந்து வரும் வரத்து குறையவில்லை. உலர இடம் தேடி ஈரம் டைல்ஸுக்கு மேலே போகிறது, அல்லது சுவரின் மறுபக்கம் அடுத்த அறையில் எட்டிப் பார்க்கிறது.

ஈரம் மட்டும் வந்துபோனால்கூடச் சுவர் பிழைத்துக்கொள்ளும். அது தனியாக வருவதில்லை, மண்ணில் உள்ள குளோரைடு, நைட்ரேட், சல்பேட் உப்புகளையும் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு அங்கேயே தங்கும். பரப்பின் மேல் படிந்தால் வெள்ளைப் பூப்போல இருக்கும், துடைத்தால் போய்விடும். பூச்சுக்குச் சற்று உள்ளே படிகமானால்தான் ஆபத்து. சோடியம் சல்பேட் தண்ணீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு படிகமாகும்போது ஏறக்குறைய நான்கு மடங்கு இடத்தைப் பிடிக்கிறது. துளைக்குள் அதற்கு ஏது இடம்? துளைச் சுவரை உடைத்துக்கொண்டு வளரும். பூச்சு அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து வருவதும், செங்கல் மாவாக உதிர்வதும் இதனால்தான். மொகஞ்சதாரோவின் சுட்ட செங்கற்கள் நாலாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் தாங்கின. 1920களில் தோண்டி வெளியே கொண்டுவந்த பிறகு, உப்பு கலந்த நிலத்தடி நீர் சுவர்களில் ஏறி, வெயிலில் உலர்ந்து, அவற்றைப் பொடியாக்கத் தொடங்கியது. 1932இல் சுக்கூர் தடுப்பணை வந்து அந்த வட்டாரத்தில் பாசனம் பெருகியதும் நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்து சேதம் இன்னும் கூடியது. ஈரத்துக்குள்ளேயே கிடந்தவரை செங்கல்லுக்குப் பெரிய கேடு இல்லை. உலரத் தொடங்கிய இடத்தில்தான் அழிவு.

உப்பில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. கால்சியம் நைட்ரேட், கால்சியம் குளோரைடு போன்றவை காற்றில் உள்ள ஈரத்தையே உறிஞ்சும். கீழிருந்து வரும் ஊற்றை முழுமையாக நிறுத்தினாலும், உப்பேறிய பழைய பூச்சை விட்டுவைத்தால் மழைக்காலத்தில் சுவர் மறுபடி கறுக்கும். செய்த வேலை பலிக்கவில்லை என்று வீட்டுக்காரர் நினைப்பார். உண்மையில் வேலை பலித்திருக்கும், பூச்சை மாற்றாததுதான் குறை.

அடுத்தது ஆவி. தரையைப் பொறுத்தவரை இதுதான் அதிகம் ஏமாற்றுவது. மண் காய்ந்திருக்கிறது, அடியில் தண்ணீரே இல்லை, எதற்குத் தடுப்பு என்று கேட்பவர்கள் உண்டு. செடி வாடிப்போகும் அளவுக்கு மண் வறண்டிருக்கும்போதும் அதன் துளைகளில் உள்ள காற்றின் ஈரப்பதம் 98, 99 சதவீதமாக இருக்கும். கட்டடம் மூடிய மண்ணோ அந்த அளவுக்குக்கூட வறளாது. அறைக்குள் ஈரப்பதம் 50, 60 சதவீதம். இந்த ஏற்றத்தாழ்வு இருக்கும்வரை ஆவி கான்கிரீட்டை ஊடுருவி மேலே வந்துகொண்டே இருக்கும். கான்கிரீட் கெட்டியாகத் தெரிந்தாலும் ஆவிக்கு அது சல்லடைதான்.

வெறும் சிமென்ட் தரையில் இது யாருக்கும் தெரியாது, வருகிற ஆவி அப்படியே அறைக்காற்றில் கலந்துவிடும். அதன் மேல் வினைல் விரிப்பையோ மரப்பலகையையோ ஒட்டிய பிறகுதான் தகராறு. ஆவி வெளியேற முடியாமல் விரிப்புக்கு அடியில் தேங்கும். அங்கே ஈரம் கூடக்கூட, கான்கிரீட்டின் காரத்தன்மை பசையைத் தின்னும். விளிம்புகள் தூக்கும், பலகை நடுவில் குழிந்து ஓரங்களில் எழும்பும், பூஞ்சை வாடை வரும். ஐம்பது ஆண்டுகள் ஒரு குறையும் சொல்லாத தரை, மேலே விரிப்பு மாறியதும் திடீரென்று ஈரத்தரை ஆவது இப்படித்தான். தரை மாறவில்லை, அதன் மேல் மூடி விழுந்திருக்கிறது.

ஆக, புதிதாகக் கட்டும்போது தரைக்கு அடியில் என்ன போட வேண்டும்? கடைக்காலுக்குள் நிரப்பிய மண்ணை நன்றாக நீர்விட்டுத் திமிசு போட்டு இறுக்கிய பிறகு, சுமார் 100 மி.மீ. கனத்துக்குத் தூசி இல்லாத ஒன்றரை, முக்கால் அங்குல ஜல்லி. தூசி இல்லாத என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கிரஷர் தூளும் மண்ணும் கலந்த ஜல்லியைப் போட்டால் சந்துகள் அடைபட்டு, ஈரம் ஏறுவதைத் தடுக்க வேண்டிய அடுக்கே ஈரம் ஏற்றும் அடுக்காகிவிடும். ஜல்லி கெட்டியாக உட்காரட்டும் என்று மேலே மண்ணைத் தூவி நிரவுகிற பழக்கம் பார்க்க நன்றாக இருக்கும், நோக்கத்தைக் கெடுக்கும்.

ஜல்லி திரவ ஈரத்தை நிறுத்தும், ஆவியை நிறுத்தாது. அதற்குப் பாலித்தீன் ஷீட். முன்பு 0.15 மி.மீ. கனம் போதும் என்று போட்டார்கள். கம்பி கட்டுபவரின் பூட்ஸுக்கும் கான்கிரீட் தள்ளும் வண்டிச் சக்கரத்துக்கும் அது தாங்காது. 0.25 மி.மீ.யைக் குறைந்தபட்சமாக வைத்து, முடிந்தால் 0.38 வரை போவது நல்லது. ஒரு ஷீட்டின் மேல் அடுத்தது 15 செ.மீ.யாவது ஏறி, இணைப்பில் நாடா ஒட்டப்பட வேண்டும். குழாய்கள் மேலே வரும் இடத்தில் ஷீட்டைக் கிழித்து நுழைத்துவிட்டு அப்படியே விடாமல், காலர் மாதிரி சுற்றி ஒட்ட வேண்டும்.

ஷீட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே மணல் போடலாமா என்று நெடுநாள் வாதம் உண்டு. மணல் இருந்தால் கான்கிரீட்டின் உபரி நீர் கீழேயும் இறங்கும், தரை மேலும் கீழும் ஒரேபோல் உலரும், ஓரங்கள் சுருண்டு எழும்பாது என்பது ஒரு கட்சி. அது மெய்தான். ஆனால் அந்த மணல், ஷீட்டுக்கு மேலே, அதாவது தடுப்புக்கு உள்பக்கம், ஒரு தொட்டியாகிவிடுகிறது. கட்டும்போது பெய்த மழையும் தரை நனைக்க ஊற்றிய தண்ணீரும் அதில் தங்கி, மாதக்கணக்கில் மேலே கசியும். மேலே மரமோ வினைலோ வரப்போகிறதென்றால் மணல் வேண்டாம், ஷீட்டின் மேல் நேரே கான்கிரீட்டைப் போட்டு, கலவையில் தண்ணீரைக் குறைத்துச் சுருளலைச் சமாளிப்பதே மேல் என்பது என் கட்சி. இப்போது துறையிலும் பெரும்பான்மை அந்தப் பக்கம்தான்.

ஷீட்டில் ஓர் ஆணி ஓட்டை விழுந்தால் எல்லாம் போச்சா? ஆவியைப் பொறுத்தவரை இல்லை. ஆவி ஊடுருவுவது பரப்பைப் பொறுத்தது. நூறு சதுர மீட்டரில் ஓர் ஆணி ஓட்டை பெரிய விஷயம் இல்லை. தண்ணீர் அழுத்தத்தோடு வரும் இடத்தில் அதே ஓட்டை ஊற்றாகிவிடும். மண்ணிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு எழும் பகுதிகளிலும் ஓட்டைகளுக்கு மதிப்பு கூடுகிறது, ஏனென்றால் அது காற்றோடு சேர்ந்து சந்துகள் வழியாகவே உள்ளே வருகிறது.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, சுவரும் தரையும் சேரும் மூலையில் கோட்டைவிடுவது மிகச் சாதாரணம். தரைக்கு அடியில் ஷீட் இருக்கிறது, சுவருக்குள் டிபிசி, அதாவது ஈரம் மேலே ஏறாமல் சுவரின் குறுக்கே வைக்கும் தடுப்பு அடுக்கு, இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஒரு கை அகலம் வெற்றிடம். ஈரத்துக்கு அது போதும். ஷீட்டை ஓரத்தில் மடித்து மேலே ஏற்றி, சுவரின் டிபிசியோடு சேர்த்துவிட வேண்டும். டிபிசி எதனால் ஆனது என்பது இரண்டாம் பட்சம். பழைய கட்டடங்களில் பலகைக்கல், ஈயத் தகடு, தார், உறிஞ்சாத கெட்டிச் செங்கல் எல்லாம் பயன்பட்டிருக்கின்றன. இப்போது தார்ஷீட், பிளாஸ்டிக், அடர்த்தியான கான்கிரீட் பட்டை. சுவரின் முழு அகலத்துக்கும் இடைவெட்டு இல்லாமல் போகிறதா, வெளி மண்மட்டத்துக்கு மேல் குறைந்தது 15 செ.மீ. உயரத்தில் இருக்கிறதா என்பவைதான் கேள்விகள்.

அந்த 15 செ.மீ. காலப்போக்கில் காணாமல் போகும் விதம் கவனிக்க வேண்டியது. கட்டி முடித்த அன்று சரியாகத்தான் இருக்கும். பிறகு சுவரோரம் தோட்ட மண் கொட்டுவார்கள். நடைபாதைக்கு ஓர் அடுக்கு கான்கிரீட், சில ஆண்டுகள் கழித்து அதன் மேல் இன்னொன்று. தெருவும் உயரும். கடைசியில் டிபிசி மண்ணுக்குள் போய்விடும். அதற்குப் பக்கத்திலேயே மண் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும், ஈரம் தடுப்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே வரும். வெளிப்பூச்சைத் தரை மண் வரை இழுத்துப் பூசுவதும் இதே வேலையைச் செய்கிறது. டிபிசி செயலிழந்துவிட்டது, ரசாயன ஊசி போட வேண்டும் என்று சொல்லப்படும் சுவர்களில், மண்வெட்டியால் வெளியே ஓர் அடி மண்ணை இழுத்துவிட்டாலே பாதி குணமாகிவிடுவது உண்டு. அந்த யோசனையை விற்க யாருக்கும் ஆர்வம் இருக்காது.

மூன்றாவது வழி, அழுத்தத்தோடு வரும் தண்ணீர், முற்றிலும் வேறு விவகாரம். 100 மி.மீ. கனத் தரை சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோ எடை. தரையின் அடிப்பரப்புக்கு மேல் 25 செ.மீ. உயரத்தில் சுற்றிலும் தண்ணீர் நின்றால், அது கீழிருந்து கொடுக்கும் உந்தல் சதுர மீட்டருக்கு 250 கிலோ. சுவரோடு பிணைப்பில்லாத தரை என்றால் அப்படியே தூக்கப்படும், இல்லாவிட்டால் வெடிக்கும். பாலித்தீன் ஷீட்டோ உள்பக்கப் பூச்சோ இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. நிலத்தடி அறைகளுக்கு இதற்கென்றே கம்பி கட்டிய கனமான கான்கிரீட்டும் வெளிப்பக்கம் தொடர்ச்சியான நீர்த்தடுப்பு உறையும் வேண்டும். அல்லது தண்ணீரே சேராதபடி கடைக்காலைச் சுற்றி வடிகுழாய் பதித்துத் தாழ்வான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சாதாரண வீட்டுக்கு இதைவிட எளிய முதல் வேலை ஒன்று இருக்கிறது: கூரைத் தண்ணீர் சுவரோரம் விழாமல் தள்ளி விடுவது, சுவரைச் சுற்றி முதல் மூன்று மீட்டர் தூரத்துக்கு, ஒவ்வொரு மீட்டருக்கும் 5 செ.மீ. வீதம் வெளிப்பக்கம் சரிவு கொடுப்பது.

மண்ணைத் தொடாமல் உயர்த்திக் கட்டிய மரத்தரைகளில், அடியில் காற்றோட்டம் விட்டால் எல்லாம் உலரும் என்பது நெடுங்கால நம்பிக்கை. அமெரிக்க விதிகளில் தரைப்பரப்பில் 150இல் ஒரு பங்கு திறப்பு என்று ஒரு கணக்கே இருந்துவருகிறது. குளிர்ந்த, வறண்ட காற்றுக்கு இது சரி. புழுக்கமான காலத்தில் வெளிக்காற்று தரைக்கு அடியில் உள்ள குளிர்ச்சியில் பட்டு, உலர்த்துவதற்குப் பதில் நனைக்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி திறக்கிறது. அதனால் மண்ணை ஷீட்டால் முழுக்க மூடி, திறப்புகளை அடைத்து, அந்த இடத்தையும் வீட்டின் உள்பகுதிபோலவே வைத்துக்கொள்ளும் முறையை இப்போது அந்நாட்டு விதிகளே அனுமதிக்கின்றன. காற்றோட்டம் எப்போதும் நல்லது என்று பழகிய மனத்துக்கு இது ஒப்புவது கடினம்.

அதே கணக்குதான் வியர்க்கும் தரைக்கும். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், சுமார் 26 டிகிரிக்குக் குறைவான எந்தப் பரப்பிலும் நீர் படியும். மண்ணின் குளிர்ச்சியில் 25 டிகிரியில் கிடக்கும் தரை, மேலிருந்து வரும் காற்றால்தான் ஈரமாகிறது. கீழிருந்து எதுவும் வரவில்லை. இதை நிலத்து ஈரம் என்று நினைத்துத் தரையைப் பெயர்த்து ஷீட் போட்டால் ஒரு பயனும் இல்லை. ஜன்னலைத் திறந்துவைத்தால் இன்னும் மோசம். அடையாளம் காண எளிய வழி இருக்கிறது: அரை மீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் நாடா ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மேல்பக்கம் நீர்த்துளி என்றால் காற்றிலிருந்து வந்தது. அடிப்பக்கம் நனைந்து, தரையும் கறுத்திருந்தால் கீழிருந்து வந்தது.

அடிப்பக்கம் நனைந்தாலும் உடனே மண்ணைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. தரை புதிதென்றால் அந்த ஈரம் கான்கிரீட்டுக்கே உரியதாக இருக்கலாம். ஒரு கன மீட்டர் கலவையில் சுமார் 180 லிட்டர் தண்ணீர் சேர்க்கிறார்கள். 100 மி.மீ. தரையில் சதுர மீட்டருக்கு 18 லிட்டர். சிமென்ட் தன் வினைக்கு எடுத்துக்கொள்வது ஏறக்குறைய பாதி, மீதி உலர்ந்து போக வேண்டும். அடியில் ஷீட் இருந்தால் அது மேல்பக்கம் மட்டுமே போகும். 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்பது துறையில் சொல்லும் உத்தேசக் கணக்கு. அப்படியானால் 100 மி.மீ. தரைக்கு நான்கு மாதம், நடுவில் மழையில் நனைந்தால் கணக்கு திரும்பவும் முதலிலிருந்து. மேல்பரப்பு வெளுத்துக் காய்ந்ததுபோலத் தெரிவதை நம்ப முடியாது. அதனால்தான் முறையான சோதனையில் தரையின் கனத்தில் 40 சதவீத ஆழத்துக்குத் துளை போட்டு, உள்ளே உணரியை இறக்கி ஈரப்பதம் பார்க்கிறார்கள். மரத்தரைக்கும் வினைலுக்கும் பசையைப் பொறுத்து 75 முதல் 85 சதவீதத்துக்குள் அது இருக்க வேண்டும். தரை விரிப்பு போடுபவர் இந்த எண்ணைக் கேட்காமலே வேலையைத் தொடங்கினால், அவரை நிறுத்தி நீங்களே கேளுங்கள்.